பழைய மாருதி 800: கூலிங் பாகங்களை மாற்றுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டு மாருதி 800 2003-இல் வாங்கியது. பதினைந்து வருடம் முடிந்து ஆர்.சி.யைப் புதுப்பித்து, அதற்கு அடுத்த ஐந்து வருடத்துக்கும் புதுப்பித்தாகிவிட்டது. நான் மெக்கானிக் இல்லை. ஆனால் கூலிங் வேலையை மட்டும் நானே செய்யக் கற்றுக்கொண்டேன். ஏன் என்பது மூன்றாவது கேள்வியில் இருக்கிறது. பழைய வண்டி வைத்திருக்கும் நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே ஒன்றாக எழுதியிருக்கிறேன். 800-ஐ வைத்துத்தான் சொல்கிறேன். ஆனால் ஜென், எஸ்டீம், ஆம்னி வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பாலானது பொருந்தும்.

வண்டி சூடாகவே இல்லை. ஓடுவதை ஏன் கழற்ற வேண்டும்?

டாஷ்போர்டில் இன்ஜின் சூட்டைக் காட்டும் ஊசி மேலே ஏறும்போது பாதி விஷயம் முடிந்துபோயிருக்கும் என்பதால்தான். இந்த இன்ஜினின் பிளாக் வார்ப்பிரும்பு, மேலே உட்கார்ந்திருக்கும் ஹெட் அலுமினியம். சூட்டில் அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். அளவான சூடு வரை நடுவில் ஒழுகாமல் அடைத்திருக்கும் கேஸ்கெட் தகடு இந்த இழுபறியைத் தாங்கிக்கொள்ளும். ஒருமுறை நன்றாகக் கொதித்துவிட்டால் ஹெட் வளையும், கேஸ்கெட் போகும். அப்புறம் ஹெட்டைக் கழற்றி, லேத்துக்கு அனுப்பி, ஃபேஸிங் செய்து (வளைந்ததை மட்டமாகச் சீவி), புது கேஸ்கெட் போட்டு என்று வாரக்கணக்கில் வண்டி ஷெட்டில் நிற்கும்.

இன்னொன்று, அந்த ஊசியை முழுதாக நம்ப முடியாது. சென்சார் தண்ணீருக்குள் இருந்தால்தான் தண்ணீரின் சூட்டைச் சொல்லும். ஹோஸ் வெடித்து எல்லாம் கொட்டிவிட்டால் சென்சார் வெறும் காற்றில் நிற்கும். இன்ஜின் வெந்துகொண்டிருக்கும்போதே ஊசி கீழே இறங்கக்கூட செய்யலாம். ஊசி திடீரென்று இறங்கினாலும் வண்டியை ஓரம்கட்டுங்கள்.

எதையெல்லாம் மாற்ற வேண்டும்?

ரப்பரும் பிளாஸ்டிக்கும் வயதால் கெடும், ஓடிய கிலோமீட்டரால் மட்டுமல்ல. வண்டி மாதம் நூறு கிலோமீட்டர்தான் ஓடுகிறது என்பதால் ஹோஸ் இளமையாக இருந்துவிடாது. என் கணக்கில் ஒரே தடவையில் மாற்ற வேண்டியவை: மேல் ஹோஸ், கீழ் ஹோஸ், பைபாஸ் ஹோஸ், ஹீட்டர் இருந்தால் அதன் இரண்டு ஹோஸ்கள், எல்லாக் கிளாம்ப்களும், தெர்மோஸ்டாட்டும் அதன் கேஸ்கெட்டும், ரேடியேட்டர் மூடி, ஃபேன் பெல்ட் (பெயர்தான் ஃபேன், சுற்றுவது வாட்டர் பம்பை), கூலண்ட் (ரேடியேட்டரில் தண்ணீரோடு கலந்து ஊற்றும் திரவம்). வாட்டர் பம்பும் ரேடியேட்டரும் நிலையைப் பார்த்து முடிவு செய்ய வேண்டியவை. ஃபேன் மோட்டார் ஓடினால் விட்டுவிடலாம்.

ரேடியேட்டர்தான் ஒழுகுகிறது. அதை மட்டும் மாற்றினால் போதாதா?

நானும் அப்படித்தான் நினைத்தேன். ரேடியேட்டர் ஒழுகியது, புதிது போட்டேன், கூடவே புது மூடியும் வந்தது. ஹோஸ்கள் பார்க்க நன்றாகத்தான் இருந்தன, அதனால் பழையதையே மாட்டச் சொன்னேன். இரண்டு வாரம் கழித்துக் குடும்பத்தோடு மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறினோம். கல்லாறு தாண்டி பர்லியார் வரும்போது முன்னால் வெள்ளையாக ஆவி. மேல் ஹோஸ் கிளாம்புக்குப் பக்கத்தில் நீளமாகக் கிழிந்திருந்தது. பழக்கடைகளுக்கு எதிரே மூன்று மணி நேரம், குரங்குகளிடமிருந்து பையைக் காப்பாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

நடந்தது என்ன என்று பிறகுதான் புரிந்தது. பழைய ரேடியேட்டர் லேசாக ஒழுகிக்கொண்டே இருந்ததால் உள்ளே முழு அழுத்தம் ஏறவே இல்லை. பழைய மூடியும் தளர்ந்திருந்தது. அந்தக் குறைந்த அழுத்தத்தில் வயதான ஹோஸ் ஏதோ காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தது. ரேடியேட்டரும் மூடியும் புதிதானதும் பல வருடங்களுக்குப் பிறகு முதல்முறையாக முழு அழுத்தம் ஏறியது, அது அடுத்த பலவீனமான இடத்தைத் தேடிப் பிடித்துக்கொண்டது. ஹோஸை மட்டும் மாற்றியிருந்தால் ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டி விரிசல் விட்டிருக்கலாம். ஆகவேதான் செட்டாக மாற்றச் சொல்கிறேன். ஒரு ஹெட் வேலைக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இந்த ரப்பர் சாமான்களின் விலை ஒன்றுமே இல்லை.

தெர்மோஸ்டாட் நம் ஊருக்குத் தேவையில்லை, கழற்றிவிடலாம் என்கிறார் மெக்கானிக். சரியா?

இந்தக் கேள்வியைத்தான் அதிகம் கேட்கிறார்கள். "சார், நம்ம ஊர் வெயிலுக்கு இந்த வால்வே வேணாம் சார், குளிர் நாட்டுக்காரனுக்குத்தான் இது" என்று எனக்கும் சொல்லியிருக்கிறார்கள். பழைய வண்டி ஒன்றை வாங்கினால், உள்ளே தெர்மோஸ்டாட் இருக்கிறதா என்று திறந்து பார்ப்பது நல்லது. பல வண்டிகளில் இருக்காது.

தெர்மோஸ்டாட்டுக்குள் ஒரு சிறிய குப்பியில் மெழுகு இருக்கிறது. குறிப்பிட்ட சூட்டில் மெழுகு உருகி விரிந்து வால்வைத் தள்ளித் திறக்கும். 82 அல்லது 88 என்று அதன் மேலேயே அச்சிட்டிருக்கும். அந்த டிகிரியில் திறக்கத் தொடங்கும் என்று அர்த்தம். அதுவரை தண்ணீர் இன்ஜினுக்குள்ளேயே சுற்றும், ரேடியேட்டர் பக்கம் போகாது. ஆக, வெளியே 40 டிகிரி வெயில் என்றாலும் 20 டிகிரி குளிர் என்றாலும் இன்ஜினுக்கு வேண்டியது 82-ஐ ஒட்டிய சூடு. நம் கோடை வெயில்கூட அதில் பாதிதான்.

கழற்றிவிட்டால் இன்ஜின் சூடேற நெடுநேரம் ஆகும், நெடுஞ்சாலையில் காற்று அடிக்க அடிக்கக் குளிர்ந்தே ஓடும். எம்பிஎஃப்ஐ வண்டியில், அதாவது கார்புரேட்டர் இல்லாமல் கம்ப்யூட்டரே பெட்ரோலை அளந்து விடும் வண்டியில், அந்தக் கம்ப்யூட்டர் இன்ஜின் இன்னும் குளிராகவே இருக்கிறது என்று நினைத்துக் கூடுதல் பெட்ரோல் விடும். மைலேஜ் குறைகிறது என்று ஸ்பார்க் பிளக்கையும் ஏர் ஃபில்டரையும் மாற்றிக்கொண்டிருப்பவர்கள் இதைப் பார்ப்பதே இல்லை. குளிர்ந்த இன்ஜினில் ஆயிலில் சேரும் ஈரமும் பெட்ரோலும் ஆவியாகி வெளியேறாது, ஆயில் கசடு கட்டும். சில இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே பைபாஸ் வழியை அடைக்கும் அமைப்பு உண்டு. அவற்றில் அதைக் கழற்றினால் தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்கே போகாமல் சுற்றிக்கொண்டிருக்கும், மேட்டில் ஏறும்போது சூடு குறைவதற்குப் பதில் கூடும்.

மெக்கானிக் சொல்வதிலும் ஒரு காரணம் இருக்கிறது, மறுக்க மாட்டேன். மூடிய நிலையில் சிக்கிக்கொண்ட தெர்மோஸ்டாட் இன்ஜினைக் கொன்றுவிடும். அதைப் பார்த்துப் பயந்துதான் கழற்றுகிறார்கள். அதற்குப் புதிது மாட்டுவதுதான் வழி. மாட்டுமுன் வீட்டிலேயே சோதிக்கலாம். பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டி, அடியைத் தொடாமல் தொங்கவிட்டு, ஒரு தெர்மாமீட்டரோடு அடுப்பை ஏற்றுங்கள். அதில் அச்சிட்ட டிகிரியை ஒட்டித் திறக்கத் தொடங்கி, கொதிக்கும்போது நன்றாகத் திறந்திருக்க வேண்டும். ஆறியதும் முழுதாக மூட வேண்டும். சமையல் பாத்திரத்தை எடுக்காதீர்கள், வீட்டில் சண்டை வரும். மாட்டும்போது அதன் தட்டில் ஆடிக்கொண்டிருக்கும் சின்ன ஊசி போன்ற வால்வு மேல்பக்கம் இருக்கட்டும். காற்று வெளியேறும் வழி அதுதான்.

ரேடியேட்டர் மூடியில் அப்படி என்ன இருக்கிறது?

அந்தச் சின்ன மூடிக்குள் இரண்டு வால்வுகள். ஒன்று அழுத்தத்தைப் பிடித்து வைக்கும். 0.9 என்று மூடியில் போட்டிருந்தால், காற்று மண்டல அழுத்தத்துக்கு மேல் 0.9 பார் வரை விடாமல் பிடிக்கும் என்று பொருள். பிரஷர் குக்கர் கணக்குதான். அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீரே 118 டிகிரியை ஒட்டித்தான் கொதிக்கும், கூலண்ட் கலந்திருந்தால் இன்னும் மேலே போகும்.

மூடியின் ரப்பர் போய்விட்டால் இந்தப் பாதுகாப்பு முழுக்கப் போய்விடும். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரம். அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் ஃபேனோ 90-ஐத் தாண்டித்தான் சுழலத் தொடங்கும். ஃபேன் சுற்றுவதற்குள் தண்ணீர் கொதித்துவிட்டால் என்ன ஆகும்? கீழே சமவெளியில் ஒரு குறையும் இல்லாமல் ஓடிய வண்டி மலை உச்சியில் ஆவி விடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டாவது வால்வு, இன்ஜின் ஆறும்போது ரிசர்வ் பாட்டிலிலிருந்து கூலண்டைத் திரும்ப உள்ளே இழுக்க விடும். காலையில் பானெட்டைத் திறந்தால் மேல் ஹோஸ் சப்பையாக ஒட்டிக் கிடக்கிறதா? ஹோஸைக் குறை சொல்வதற்கு முன் மூடியை மாற்றிப் பாருங்கள். அதிக அழுத்த மூடி இன்னும் நல்லது என்று நினைத்து 0.9 இருந்த இடத்தில் 1.1 போடாதீர்கள். பழைய வண்டிக்கு அது வம்பை விலைக்கு வாங்குவது.

ஹோஸ் கெட்டுவிட்டதை எப்படிக் கண்டுபிடிப்பது?

இன்ஜின் ஆறியபின் கிளாம்புக்கு அருகே விரல்களால் அழுத்துங்கள். ஹோஸ் பெரும்பாலும் உள்ளிருந்து கெடும். நடுப்பகுதியைவிட முனைகளில்தான் அது தெரியும். களிமண் போல அமுங்கினாலும், கல் போல இறுகியிருந்தாலும், மடக்கும்போது நெறுநெறுவென்று சத்தம் வந்தாலும் மாற்ற வேண்டும். ஆயில் பட்டு உப்பியிருந்தாலும் அப்படியே. பழைய ஹோஸை முறுக்கிப் பிடுங்கினால் ரேடியேட்டரின் பிளாஸ்டிக் குழாய் முனை உடைந்து கையோடு வந்துவிடும். கத்தியால் நீளவாக்கில் கீறி உரித்து எடுங்கள், எப்படியும் தூக்கிப் போடப் போகிறீர்கள்.

வாட்டர் பம்பை எப்போது மாற்றுவது?

டைமிங் பெல்ட் (இன்ஜினின் வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைக்கும் பெல்ட்) மாற்றும்போது. சுசுகியின் இந்தக் கால இன்ஜின்களில் பம்பைச் சுற்றுவது வெளியே இருக்கும் பெல்ட்தான் என்றாலும், டைமிங் பெல்ட்டைக் கழற்றாமல் பம்ப் வெளியே வராது. கூலி இரண்டுக்கும் ஒன்றே. பம்பின் கழுத்தில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும், அதில் கூலண்ட் காய்ந்த கறை தெரிந்தால் உள்ளே சீல் போகத் தொடங்கிவிட்டது. அந்த ஓட்டையை எம்-சீல் வைத்து அடைத்திருந்த ஒரு வண்டியைப் பார்த்திருக்கிறேன். ஒழுகல் வெளியே போக வழியில்லாமல் பேரிங்குக்குள் போயிருந்தது.

டிராஃபிக்கில் மட்டும் சூடாகிறது, ஓடும்போது சரியாக இருக்கிறது. என்ன கோளாறு?

ஃபேன். வண்டி ஓடும்போது காற்று தானே வந்து ரேடியேட்டரில் அடிக்கும், நிற்கும்போது ஃபேன் சுற்றினால்தான் உண்டு. மோட்டார், ஃபியூஸ், ரிலே, சூட்டை உணரும் ஸ்விட்ச் என்று வரிசையாகப் பாருங்கள். மாறாக நெடுஞ்சாலையிலும் மேட்டிலும் சூடாகி, டிராஃபிக்கில் சரியாக இருந்தால் ரேடியேட்டர் அடைப்பு, தெர்மோஸ்டாட், பம்ப் ஆகியவற்றின் மேல் சந்தேகப்படலாம்.

ஃபேனை இக்னிஷனோடு நேரடியாக இணைத்து "டைரக்ட்" பண்ணிவிடுவது நம் ஊரில் சகஜம். வழியில் மாட்டிக்கொண்டால் வீடு வந்து சேர அது போதும். நிரந்தரமாக அப்படியே விட்டால் மோட்டார் சீக்கிரம் தேயும், ஸ்விட்ச் கோளாறும் அப்படியே மறைந்திருக்கும்.

மஞ்சள் தூள் போட்டால் ஒழுகல் நிற்குமாமே?

நிற்கும். லாரிக்காரர்கள் காலம் காலமாகச் செய்கிற வித்தை அது. தூள் தண்ணீரோடு போய் ஓட்டையில் படிந்து அடைக்கும். ஆனால் எது ஓட்டை, எது ரேடியேட்டரின் மெல்லிய குழாய் என்று மஞ்சளுக்குத் தெரியாது. கடையில் விற்கும் ஒழுகல் அடைப்பான்களும் கிட்டத்தட்ட அதே கதைதான். நடுவழியில் போட்டாலும் ஊர் வந்ததும் முழுதாகக் கழுவிவிட வேண்டும்.

அம்பாசடர், பத்மினி காலத்துப் பித்தளை ரேடியேட்டர்களை ரேடியேட்டர் கடையில் ஈயம் வைத்துப் பற்றவைக்கலாம், மேல் தொட்டியைக் கழற்றி உள்ளே கம்பி விட்டு அடைப்பெடுக்கலாம். அலுமினியக் குழாயும் பிளாஸ்டிக் தொட்டியும் கொண்டவற்றில் அது நடக்காது. தொட்டியில் விரிசல் விழுந்தால் புதிதுதான். வெளியே பூச்சியும் தூசியும் அடைத்திருப்பது மட்டும்தான் பிரச்சினை என்றால், இன்ஜின் பக்கத்திலிருந்து வெளிப்புறமாக மெதுவாகத் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். வாட்டர் சர்வீஸ் கடையின் பிரஷர் பைப்பைக் கிட்டே வைத்தால் மெல்லிய தகடுகள் மடங்கிவிடும்.

கூலண்ட் எதற்கு, தண்ணீர் போதாதா? எந்த நிறம் வாங்குவது?

சூட்டைக் கடத்துவதில் தண்ணீர் கூலண்டைவிட ஒரு படி மேல். பிரச்சினை துருவும் உப்பும்தான். வெந்நீர்த் தவலையின் உள்ளே வெள்ளையாகக் கல் போலப் படியுமே, போர் தண்ணீர் ஊற்றிய இன்ஜினுக்குள்ளும் அதேதான் படிகிறது. வார்ப்பிரும்பு துருப்பிடித்துத் தண்ணீர் செங்கல் நிறமாகும். அந்தத் துரு பம்பின் சீலை அறுக்கும். கூலண்டில் இருக்கும் துருத்தடுப்பு மருந்துகளுக்காகத்தான் அதை வாங்குகிறோம். பனியில் உறையாமல் காப்பதற்கு நமக்கு வேலையில்லை.

அடர்வாக வாங்கினால் பாதிக்குப் பாதி டிஸ்டில்ட் வாட்டர் கலந்தால் போதும். சிறுவாணித் தண்ணீர் குடிக்க அமிர்தம்தான், இருந்தாலும் ரேடியேட்டருக்கு டிஸ்டில்ட் வாட்டரே ஊற்றுங்கள். நிறத்தை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது, பச்சை, சிவப்பு, நீலம் எல்லாம் கம்பெனிகள் அவரவர் விருப்பத்துக்குப் போடும் சாயம். டப்பாவின் பின்பக்கம் படித்து ஒரே வகையைத் தொடருங்கள். வகைகளைக் கலந்தால் ஒன்றின் மருந்தை இன்னொன்று கெடுத்துவிடலாம். பழைய பாணிக் கூலண்டை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். நான் பொங்கலுக்கு மாற்றுவேன், தேதி மறக்காது.

ஊற்றும்போது என்ன கவனிக்க வேண்டும்?

காற்று. எல்லாம் புதிதாக மாட்டிய பிறகும் வண்டி சூடாகிறது என்றால் முக்கால்வாசி நேரம் உள்ளே காற்று அடைத்திருக்கும். முதலில் ஆறிய இன்ஜினில் பழையதை இறக்கி, வெறும் தண்ணீர் விட்டுத் தெளிவாக வரும்வரை கழுவுங்கள். பல வருடம் கவனிக்காத இன்ஜினில் கடுமையான ஃபிளஷ் மருந்து ஊற்ற நான் தயங்குவேன். பிளாக்கின் பக்கவாட்டில் வட்டத் தகடு மூடிகள் உண்டு, டம்மி என்பார்கள். அவை துருவால் அரித்துப்போய், அந்தத் துருவே ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கலாம். மருந்து அதைக் கரைத்துவிட்டால் புது ஒழுகல்.

பிறகு வண்டியின் மூக்கு சற்று மேடாக இருக்கும்படி நிறுத்தி, ஹீட்டர் இருந்தால் முழுச் சூட்டில் வைத்து, மெதுவாக ஊற்றுங்கள். மூடியைப் போடாமல் ஸ்டார்ட் செய்து ஐடிலில் விடுங்கள். குமிழி வரும், மட்டம் இறங்கும், ஊற்றிக்கொண்டே இருங்கள். இடையில் மேல் ஹோஸை அமுக்கி விடலாம். சூடேறியதும் கூலண்ட் பொங்கி வழியப் பார்க்கும், முகத்தைத் தள்ளி வையுங்கள். பொங்கினால் அந்த நேரமே மூடியைப் போட்டுவிடலாம். ஃபேன் இரண்டுமுறை ஓடி நின்றதும் அணைத்து, ரிசர்வ் பாட்டிலை அதன் கோடு வரை நிரப்புங்கள். மறுநாள் காலையில் மறுபடி திறந்து பார்த்தால் கொஞ்சம் இறங்கியிருக்கும், அது இயல்புதான். மூன்றாம் நாளும் இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது.

எல்லாம் மாற்றியும் தண்ணீர் குறைகிறது, வெளியே ஒழுகலும் இல்லை. ஹெட் கேஸ்கெட்டா?

இருக்கலாம். காலையில் ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்துக்குள், இன்ஜின் சூடேறும் முன்பே மேல் ஹோஸ் கல் போல இறுகினால், அல்லது ரேடியேட்டர் வாயில் விடாமல் குமிழி வந்தால் இன்ஜினுக்குள் பெட்ரோல் எரிந்து வரும் வாயு தண்ணீருக்குள் கலக்கிறது. ஆயில் மூடியில் மோர் போன்ற வெண்மை தெரிவதும் அறிகுறி. ஆனால் குறைந்த தூரமே ஓடும் வண்டிகளில் ஈரத்தாலும் அப்படி வரும், பயந்துவிட வேண்டாம். ஹெட்டைக் கழற்றினால் மட்டம் பார்க்காமல் மாட்ட விடாதீர்கள். இந்த இன்ஜின்களில் அனுமதிக்கும் வளைவு 0.05 மி.மீ. தான், கண்ணால் பார்த்து "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லக்கூடிய அளவு இல்லை.

மலையேறும்போது கொதித்துவிட்டால்?

ஊசி ஏறத் தொடங்கும்போதே ஏசியை அணைத்து, ஹீட்டர் இருந்தால் முழுதாகத் திறந்து, கியரைக் குறையுங்கள். மேல் கியரில் முக்கிக்கொண்டு ஏறினால் பம்ப் மெதுவாகச் சுற்றும். கொதித்து ஆவி வந்துவிட்டால் நிறுத்தி, அணைத்து, பானெட்டைத் திறந்து காத்திருங்கள். அரை மணி நேரமாவது மூடியைத் தொடாதீர்கள்; துணி போட்டுத் திறக்கலாம் என்று கையையும் முகத்தையும் வேகவைத்துக்கொண்டவர்கள் நிறைய. சூடான இன்ஜின் மேல் பச்சைத் தண்ணீரைக் கொட்டினால் ஹெட் விரிசல் விடும். ஆறியபின் இன்ஜினை ஓடவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். ஏற்காட்டின் இருபது கொண்டை ஊசி வளைவுகளோ கொல்லிமலையின் எழுபதோ, கிளம்பும் நாள் காலையில் மட்டம் பார்த்துவிட்டுப் போவது இரண்டு நிமிட வேலை.

800 உற்பத்தியே நின்றுவிட்டது. பாகங்கள் கிடைக்குமா?

கிடைக்கும். 800 நின்றது 2014-இல். அதே 796 சி.சி. இன்ஜினோடு ஆம்னி 2019 வரை வந்தது, அதனால் தெர்மோஸ்டாட், பம்ப் போன்றவற்றுக்குக் குறைவில்லை. ரேடியேட்டரும் ஹோஸும் ஆம்னியுடையது பொருந்தாது, அதில் அமைப்பே வேறு. சென்னையில் புதுப் பாகங்களுக்கு ஜெனரல் பாட்டர்ஸ் சாலை இருக்கிறது. புதுப்பேட்டையில் பழையது எதுவும் கிடைக்கும்தான், ஆனால் ஹோஸ், மூடி, தெர்மோஸ்டாட், பம்ப் நான்கையும் பழையதாக வாங்குவதில் அர்த்தமில்லை. கழற்றிய ஹோஸைக் கையோடு கொண்டுபோய் வளைவை ஒத்துப் பார்த்து வாங்குங்கள். வளைவு சரியில்லாத ஹோஸ் மடங்கி, தண்ணீர் ஓட்டத்தையே அடைத்துவிடும்.

இறக்கிய பழைய கூலண்டை என்ன செய்வது?

தெருவில் விடாதீர்கள். அதில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிப்புச் சுவை கொண்டது, விஷம். நாயோ பூனையோ நக்கினால் சிறுநீரகம் செயலிழந்து செத்துப்போகும். பழைய கேனில் பிடித்து, மேலே பெரிதாக எழுதி, குழந்தைகளுக்கு எட்டாமல் வைத்து, பழைய ஆயிலைச் சேர்த்துக் கொடுக்கும் சர்வீஸ் சென்டரில் வாங்கிக்கொள்வார்களா என்று கேளுங்கள். ஆயிலோடு மட்டும் கலந்துவிடாதீர்கள். கலந்தால் இரண்டையுமே யாரும் வாங்க மாட்டார்கள்.